முதல் நனைப்பு

பர்கூர் துணிக்கடைத் தெருவில்
பதினோரு வருஷமாக ஒரே வாக்கியத்தைத்தான்
கிழித்துக் கிழித்து விற்கிறேன்:
"லினன் சார், ஒரிஜினல், அறுபது லீ."

லீ என்றால் என்னவென்று ஒருவரும் கேட்டதில்லை.
கேட்டால் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தேன்,
அதுவும் அரைகுறை.

மாங்காய் மண்டிக் காசு கையில் புரளும் மாசத்தில்
வந்து வெள்ளையை இழுத்துப் பார்ப்பார்கள்.
கைக்குள் கசக்கி விரித்து
"அய்யே, இப்பவே சுருக்கம்" என்று
பாலியஸ்டர் பக்கம் நகர்ந்துவிடுவார்கள்.
நான் தடுப்பதில்லை.
அதில் எனக்கு மீட்டருக்கு இரண்டு ரூபாய் கூட.

சித்திரையில் ஒரு செவ்வாய், உச்சி வெயில்.
சட்டையில்லாமல்
திம்மராயன் என்று ஒருத்தர் கடைக்குள் வந்தார்.
தோளுக்கு மேல் ஒரு துண்டை,
தோளில் படாமல்,
இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி.

காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் ஃபேக்டரி வேலை.
போன ஆனியில் நீராவிக் குழாய் வாய்விட்டதாம்.
கழுத்துக்குக் கீழே இடுப்பு வரை
தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய தோல்
காயாத பெயிண்டாக மினுங்கியது.

"எதைப் போட்டாலும் ஒட்டிக்குது தாயி.
நான் உள்ள இருக்கறதே
தெரியாத மாதிரி
துணி எதுனா இருக்குதா?"

பாடமாக வைத்திருந்த வாக்கியம்
தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அறுபதை விட்டுவிட்டேன்.
அடுக்குக்கு அடியில் ஒரு தான்,
சாயம் ஏறாதது, வைக்கோல் நிறம்,
மூன்று வருஷமாக விலைபோகாதது.
சொம்புத் தண்ணீரில் விரல் நனைத்து
ஒரு சொட்டு வைத்தேன்.
உட்கார்ந்த இடம் தெரியாமல் குடித்தது.
பக்கத்துப் பாலியஸ்டரில் வைத்த சொட்டு
உருண்டையாக நின்று எங்களையே பார்த்தது.

நாட்டு மருந்துக் கடையில் ஆளிவிதை பார்த்திருப்பீர்களே,
அந்தச் செடியின் தண்டு நார் என்றேன்.
நீலமாகப் பூக்குமாம், நான் பார்த்ததில்லை.
குளிர் தேசத்திலிருந்து கப்பலில் வருவது
நம்ம ஊர் வெயிலை எங்கே படித்ததோ.
ஈரம் பட்டால் நைந்து போகாது, இன்னும் முறுக்கேறும்.
துவைக்கத் துவைக்க மெதுவாகும், புதுசில் அல்ல.
இதெல்லாம் எனக்குத் தெரியும் என்பதே
எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஷம்ஷாத் ஒரு முனையைப் பிடிக்க
நான் மறுமுனையைத் தோளில் இறக்கினேன்.
விழுந்தது, ஆனால் படியவில்லை.
முதுகுக்கும் துணிக்கும் நடுவே
சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு சந்து.
கண்ணை மூடிக்கொண்டு
"காத்து போவுது" என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.
ஃபேன் நின்றது.
"போவுது தாயி" என்றார் மறுபடி.

"கசங்குமே" என்றேன், பழக்கத்தில்.
தன் முதுகைத் தலை திருப்பிப் பார்த்தார்,
பார்க்க முடிந்த வரைக்கும்.
"கசங்கட்டும். ஜோடி சேரும்."

காலர் வேண்டாம், அரைக்கை, தொளதொளவென்று.
தைக்கக் கொடுக்கும் முன் ஒரு ராத்திரி நனைத்துப் போடுங்கள்,
ஆறு தடவை துவைத்த பிறகு மேலுக்குப் போடுங்கள்
என்று சொல்லி
இரண்டேகால் மீட்டருக்குப் பில் போட்டேன்.
கத்திரி அதைத் தாண்டி
ஒரு சாண் போய்த்தான் நின்றது.

மாசக் கடைசியில் சரக்குக் கணக்கு.
தானில் ஒரு சாண் குறைகிறதே என்றார் முதலாளி.
குறிப்புக் கட்டத்தில்
'சுருக்கம்' என்று எழுதி நீட்டினேன்.
பொய்யில்லை.
முதல் நனைப்பில் லினன் சுருங்கத்தான் செய்யும்.
தண்ணீரே காணாத தான் எப்படிச் சுருங்கும் என்று
அவர் யோசிப்பதற்குள்
வாசலில் யாரோ
கல்யாணத்துக்கு வெள்ளை கேட்டார்கள்.